பசிக்கும் தூரம்

விடுமுறைக் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே போய் வர ஆசைப்படும் நண்பர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் போகலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "எங்கே சாப்பிடப் போகிறீர்கள்?"

தூரத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் கிளம்பினால், பசிக்கிற நேரத்தில் எதிரே எது வருகிறதோ அதைத் தின்றுவிட்டு வர வேண்டியதுதான். சாப்பிடும் இடத்தை முதலில் முடிவு செய்தால், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தச் சாலையில் போவது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் தானாக முடிவாகிவிடும். பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் கணக்கு வேறு. வேடிக்கை பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு மிதிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல முறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பல வருடங்களாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

இது வெறும் ரசனை விஷயம் இல்லை, உடம்பின் கணக்கும் இதில் இருக்கிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக மாற்றித் தசைகளிலும் கல்லீரலிலும் வைத்துக்கொள்கிறது. வளர்ந்த ஆளிடம் சுமார் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். மூச்சு முட்ட மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அதில் பெரும்பகுதி தீர்ந்துபோகும். நிதானமாக மிதிக்கும்போது உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரிப்பதால் இன்னும் நீண்ட நேரம் தாங்கும். ஆனால் இரவு தூங்கி எழும்போதே கல்லீரலில் இருந்த கையிருப்பு நன்றாகக் குறைந்திருக்கும். அதனால்தான் விடியற்காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்புகிறவருக்கு ஒன்றரை மணி நேரத்திலேயே வயிறு பேச ஆரம்பிக்கிறது. மணிக்கு 15 முதல் 18 கிலோமீட்டர் என்று உல்லாசமாகப் போனால், அந்த நேரத்தில் 25 கிலோமீட்டர் வந்திருப்போம். நகரத்தின் இரைச்சல் முடிந்து வயல்களோ மரங்களோ தொடங்கியிருக்கும். திரும்பி வரவும் காலில் தெம்பு மிச்சம் இருக்கும். இதைத்தான் நான் பசிக்கும் தூரம் என்கிறேன்.

பெரிய நகரங்களைச் சுற்றி சைக்கிள்காரர்களால் பேர் வாங்கிய இடங்களின் வரலாற்றைப் படித்துப் பாருங்கள். பலவும் இந்த வட்டத்துக்குள்ளோ அதற்குச் சற்று வெளியிலோதான் வருகின்றன.

லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்குப் போகும் பழைய சாலையில் ரிப்ளி என்று ஒரு கிராமம். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் அந்தச் சாலையோர விடுதிகளுக்கு நல்ல வியாபாரம். ரயில் வந்ததும் வண்டிகள் நின்றுபோயின, விடுதிகள் காற்று வாங்கின. 1870களின் கடைசியிலும் 1880களிலும் அவற்றை மறுபடி நிரப்பியது சைக்கிள்தான். அதிலும் முன்சக்கரம் கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு இருந்த பழைய சைக்கிள். லண்டன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டங்கூட்டமாக ரிப்ளிக்கு வந்தார்கள். அங்கே ஆங்கர் என்ற விடுதியை டிபிள் குடும்பம் நடத்தியது. அந்த வீட்டுப் பெண்களான ஆனி, ஹாரியட் சகோதரிகள் வந்தவர்களைக் கவனித்துக்கொண்ட விதம் சைக்கிள்காரர்கள் நடுவே பெரிய பேச்சு. வருகைப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் சேர்ந்தன. சகோதரிகள் இறந்தபின் அவர்களுக்கு அந்த ஊர் தேவாலயத்தில் நினைவுச் சின்னம் வைத்தவர்களும் சைக்கிள்காரர்கள்தான்.

இந்தக் கடைசித் தகவலை முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டேன். வழக்கமாகப் பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்குச் சின்னம் வைப்பார்கள், சைக்கிளைக் கண்டுபிடித்தவர்களுக்கு வைப்பார்கள். இங்கே களைத்து வந்தவர்களுக்குச் சோறு போட்டவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். வியர்வையோடு, புழுதியோடு, சேற்றுக் காலோடு உள்ளே நுழைகிறவனை முகம் சுளிக்காமல் உட்காரச் சொல்லும் ஒரு ஆள் வழியில் இருந்தால், அந்த ஊரை மறக்க முடியாது.

எல்லாக் கதவும் அப்படித் திறக்கவில்லை. ரிப்ளிக்குப் பக்கத்திலேயே ஆக்கம் என்ற ஊர். அங்கே ஹாட்பாய் என்ற விடுதிக்கு 1898இல் லேடி ஹார்பர்ட்டன் சைக்கிளில் வந்து இறங்கினார். தரையைப் பெருக்கும் பாவாடைக்குப் பதிலாகப் பெண்கள் மிதிக்க வசதியான ஆடை அணிய வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர் அவர். அன்று அவர் அணிந்திருந்தது முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய தொளதொள கால்சட்டை. சாப்பாட்டு அறையில் உட்கார வைக்க முடியாது என்று விடுதிக்காரப் பெண்மணி மறுத்துவிட்டார். வேண்டுமானால் மது விற்கும் பக்கத்து அறையில் சாப்பிடலாம் என்றார். பயணிகளுக்கு உணவு தர மறுப்பது அங்கே சட்டப்படி குற்றம் என்பதால், சைக்கிள் சுற்றுலாச் சங்கம் இதை வழக்காக எடுத்து நடத்தியது. 1899இல் தீர்ப்பு விடுதிக்குச் சாதகமாக வந்தது. சாப்பிட ஏதோ ஒரு இடம் தருவதாகச் சொன்னார்கள் அல்லவா, அது போதும் என்று ஜூரிகள் நினைத்துவிட்டார்கள்.

எனக்கு இது பழங்கதையாகத் தோன்றவில்லை. பெண் நண்பர்களோடு சேர்ந்து போகும்போது நிறுத்தும் இடத்தைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு. கழிவறை இருக்கிறதா, அதன் கதவு சரியாகத் தாழ்ப்பாள் போடுமா, காலை ஏழு மணிக்கு அங்கே வேறு பெண்கள் இருப்பார்களா, மிதிக்கிற உடையோடு உட்கார்ந்தால் பார்வைகளைச் சமாளிக்க வேண்டியிருக்குமா. பலகாரம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் இதற்கெல்லாம் பதில் இல்லை என்றால் அந்தக் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். குழுவாகப் போகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்தால் நல்லது.

அந்தச் சைக்கிள் சுற்றுலாச் சங்கம் 1878இல் தொடங்கியது. 1899 வாக்கில் அதன் உறுப்பினர்கள் 60,000ஐத் தாண்டினார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம், நம்பி நிறுத்தலாம் என்று தாங்கள் ஏற்றுக்கொண்ட விடுதிகளைக் கையேட்டில் பட்டியல் போட்டு, சிறகு முளைத்த சக்கரம் பொறித்த இரும்புப் பலகையை வாசலில் மாட்டியதுதான். முன்பின் தெரியாத ஊரில், இருட்டும் நேரத்தில் அந்தச் சக்கரம் கண்ணில் பட்டால் போதும். இன்று கைபேசியில் நட்சத்திர மதிப்பீடு பார்க்கிறோம். அந்த நட்சத்திரங்களைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் காரில் போனவர்கள். சைக்கிளை எங்கே நிறுத்துவது, தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தருவார்களா, காலை ஆறரைக்கு அடுப்பு எரியுமா என்று அவற்றில் ஒன்றும் இருக்காது.

பாரிஸுக்கு வடமேற்கே 20 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் மேசோன்-லாஃபித் இருக்கிறது. அங்கே பலகாரக் கடை வைத்திருந்த லூயி துரான் 1910இல் சக்கர வடிவத்தில் ஒரு பலகாரம் செய்தார். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் நெடும்பந்தயத்தின் நினைவாகச் செய்து தரும்படி கேட்டவர், 1891இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகையாளர் பியர் ஜிஃபார். உள்ளே காற்றுப் பிடித்து உப்பும் மாவை வளையமாகப் பிழிந்து சுட்டு, மேலே சீவிய பாதாம் தூவி, குறுக்கே இரண்டாக அறுத்து, வறுத்த பருப்பும் சர்க்கரையும் அரைத்துச் சேர்த்த கிரீமை நடுவில் வைப்பார்கள். பேரும் பாரிஸ்-பிரெஸ்ட்தான். சர்க்கரை, மாவு, வெண்ணெய், பருப்பு எல்லாம் ஒரே வளையத்தில் இருப்பதால், மிதித்துக் களைத்தவருக்கு மிகப் பொருத்தமான பண்டம் இது. பாதி வழியில் சாப்பிட்டால் வயிற்றில் கல்லாக உட்காரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொழுப்பு அதிகமுள்ள உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் கீழே இறங்கும். எழுந்தவுடன் மேட்டில் ஏற வேண்டிய இடத்தில் இப்படிப்பட்டதைத் தொடாதீர்கள். திரும்பும் வழி முழுக்கச் சமதளமோ இறக்கமோ என்றால் சாப்பிடலாம்.

குடிக்கிற விஷயத்தில் பேர் போன இடம் மியூனிக்குக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள டைசன்ஹோஃபன். அங்கே குக்லர் ஆல்ம் என்ற விடுதியை நடத்தியவர் ஃபிரான்ஸ் சேவர் குக்லர். 1922இல் ஒரு ஜூன் சனிக்கிழமை, நகரத்திலிருந்து 13,000 சைக்கிள்காரர்கள் ஒரேயடியாக வந்து குவிந்ததாகவும், பீர் தீரப்போகிறதே என்று அவர் விற்காமல் கிடந்த எலுமிச்சை சோடாவைப் பாதிக்குப் பாதி கலந்து, சைக்கிள்காரர்கள் வீடு போய்ச் சேர வேண்டுமே என்பதற்காகத்தான் இந்தக் கலவை என்று சொல்லிக் கொடுத்ததாகவும் கதை. அந்தக் கலவையின் பேர் ராட்லர், அதாவது சைக்கிள்காரர். 13,000 என்ற எண்ணை நான் அப்படியே நம்பவில்லை. 1912இல் வெளியான ஒரு நினைவுக் குறிப்பிலேயே இப்படி ஒரு பானம் வந்துவிடுகிறது. ஆனாலும் பெருங்கூட்டத்தை ஒரே நாளில் சமாளித்த கடைக்காரரின் சமயோசிதம் என்ற அளவில் கதை எனக்குப் பிடிக்கும்.

பாதி பீர் என்றாலும் அது பீர்தான். நான் ரைடு முடியும்வரை மதுவைத் தொடுவதில்லை, கூட வருகிறவர்களிடமும் இதில் கறாராக இருப்பேன். இரண்டு சக்கரத்தின் மேல் சமநிலை போனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சீக்கிரம் தலைக்கேறும். சட்டமும் சும்மா விடாது. ஜெர்மனியில் ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு மது இருந்தால் சைக்கிள் ஓட்டியவருக்கும் தண்டனை உண்டு. விபத்து நடந்தாலோ தள்ளாடி ஓட்டினாலோ அதைவிடக் குறைந்த அளவுக்கே மாட்டிக்கொள்வார்கள். ஜப்பானில் 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுவதற்கான தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்கள்.

காபி விஷயம் வேறு. குடித்து முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரத்தில்தான் அதில் உள்ள ஊக்கப்பொருளான காபின் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது. பாதி வழியில் குடித்த காபி வேலை செய்வது வீடு திரும்பும் பாதையில், சரியாகக் கால் சோர்கிற நேரத்தில். சைக்கிள்காரர்கள் காபிக் கடையைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீரைப் பொறுத்தவரை வெயில் நாளில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, மடக்கு மடக்காக. மணிக்கணக்காக வியர்த்துக் கொட்டும் நாளில் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும். நிறுத்துகிற இடத்தில் உப்புள்ள எதையாவது தின்னுங்கள்.

பிரான்ஸின் சான்த்-எத்தியென் நகரத்தில் போல் தெ விவி என்று ஒருவர் இருந்தார். சைக்கிள் உலகம் அவரை வெலோசியோ என்று அழைத்தது. 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, 1930இல் இறக்கும்வரை கியர் சைக்கிளையும் நெடும்பயணத்தையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். மிதிக்கிறவர்களுக்கு அவர் ஏழு விதிகள் வைத்தார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடு என்பது அதில் ஒன்று. வழியில் மது, மாமிசம், புகையிலை வேண்டாம் என்பது இன்னொன்று. வீம்புக்காக மிதிக்காதே என்பது கடைசி. இந்தக் கடைசி விதியை எங்கள் குழுவில் அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அவருடைய முதல் விதியில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. நிறுத்தங்கள் அரிதாகவும் குறுகியதாகவும் இருக்க வேண்டும் என்கிறார். நாளுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதித்தவர், அவருக்கு அது சரி. நமக்கு நிறுத்தம்தான் ரைடு. நாற்பது நிமிடம் தாராளமாக உட்காருங்கள். அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்ளும், வியர்வை காய்ந்து குளிரெடுக்கும், அதனால் எழுந்துவிடுவது நல்லது.

பசிக்கும் முன் சாப்பிடு என்பதோடு எனக்குச் சண்டை இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போவதாக இருந்தால் சட்டைப் பையில் ஒரு வாழைப்பழமோ நாலு பேரீச்சம்பழமோ இருக்கட்டும். கடை மூடியிருந்தால்? பஞ்சர் ஆகி ஒரு மணி நேரம் தாமதமானால்? சர்க்கரை இறங்கிவிட்டால் கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும், சின்ன மேடும் மலையாகத் தெரியும். அந்த நிலையில் கடைக்குப் போய்ச் சேர்ந்தாலும் ருசி தெரியாது. லேசான பசியோடு போய்ச் சேர்வதுதான் பக்குவம்.

சரி, எந்தக் கடை? நான் முதலில் பார்ப்பது வாசலை. உட்கார்ந்த இடத்திலிருந்து சைக்கிள் கண்ணில் பட வேண்டும். எவ்வளவு நல்ல பூட்டு போட்டிருந்தாலும், பார்வையில் இல்லாவிட்டால் பாதி மனம் வெளியேதான் இருக்கும். நின்று சாய்க்க ஒரு சுவர் வேண்டும். செயின் இருக்கும் பக்கம் வெளியே பார்க்கும்படி, பின்சக்கரமும் சீட்டும் சுவரில் படும்படி சாய்த்தால் சைக்கிள் நகராது, கியரும் உரசாது. ஐந்தாறு பேராகப் போனால் ஒன்றின் மேல் ஒன்றைச் சாய்க்காதீர்கள். வெளியில் இருப்பதை எடுக்க நாலு பேர் எழுந்து வர வேண்டியிருக்கும்.

அப்புறம் பார்ப்பது, அந்த ஊர் ஆட்கள் அங்கே சாப்பிடுகிறார்களா என்பது. வேலைக்குப் போகும் முன் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் நாலு பேர் இருந்தால் சரக்கு புதிது என்று அர்த்தம். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்காக மட்டும் நெடுஞ்சாலையில் திறந்து வைத்த கடைகளை நான் கடந்து போய்விடுவேன். காரில் வருகிறவர் கண்ணுக்கு அவை மட்டும்தான் தெரியும். சைக்கிளில் வருகிறவருக்கு உள்ளே திரும்பும் ஒற்றைச் சாலையின் முனையில் புகை தெரியும், வாசனை வரும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கும் வேலை செய்கிறது.

ஹெல்மெட்டைக் கழற்றும்போது நெற்றியில் காற்று படும். முகவாய்க்குக் கீழே இருக்கும் பட்டையில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்பு படிந்திருக்கும். கை விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்த வாக்கிலேயே கொஞ்ச நேரம் மடங்கி நிற்கும். முகம் கழுவி உட்கார்ந்ததும் கடைக்காரர் கேட்பது எந்த ஊரிலும் ஒரே கேள்விதான்: "எங்கேர்ந்து மிதிச்சுட்டு வர்றீங்க?" பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறும். அடுப்பிலிருந்து இப்போதுதான் இறங்கியது எது என்று அவரே சொல்வார். திரும்பிப் போக நல்ல வழி எது, எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது என்றும் சொல்வார். வரைபடத்தில் இல்லாத தகவல் எனக்குக் கிடைத்ததெல்லாம் இப்படி உட்கார்ந்த இடங்களில்தான்.

வழி போடுவதில் பெல்ஜியம்காரர்கள் செய்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்துப் பலகை வைத்தார்கள். சுரங்கத்துக்குள் வழி தவறாமல் இருக்கச் சந்திப்புகளுக்கு எண் போடும் பழக்கம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த ஒருவர் அதைத் தரைக்கு மேலே கொண்டுவந்தார். 42, 57, 60 என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டு கிளம்பினால் போதும், வளையமாகச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வரலாம். நெதர்லாந்துக்கும் இது பரவிவிட்டது. பிடித்த கடை எந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது என்று தெரிந்தால், அதைப் பாதியில் வைத்துக் குட்டி வட்டம், பெரிய வட்டம் என்று எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எண்பலகை இல்லாத ஊரிலும் இதே மாதிரி செய்யலாம். போன சாலையிலேயே திரும்பாமல், கடையை மறுமுனையில் வைத்து ஒரு வளையம் போடுங்கள். காலையில் எதிர்க்காற்று அடிக்கும் பக்கமாகப் போய்விட்டால், வயிறு நிறைந்து திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்.

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இன்று பந்தயமாக நடப்பதில்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் சுமார் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் மிதிக்கிறார்கள். இரவெல்லாம் வழிநெடுகக் கிராமத்துக்காரர்கள் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் தண்ணீரும் அப்பமும் வைத்துக் காத்திருப்பார்கள். லா தனியேர் என்ற ஊரில் ஒரு குடும்பம் அப்படிக் கொடுத்ததற்குக் காசு வாங்கியதில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு அஞ்சலட்டை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்பார்கள். உலகமெங்கும் இருந்து அட்டைகள் அவர்களுக்கு வந்திருக்கின்றன. போன தடவை 2023இல் நடந்தது, அடுத்தது 2027. இதைப் படிக்கிறவர்களில் யாராவது போவதாக இருந்தால், எந்த ஊர் வாசலில் என்ன கொடுத்தார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.